ரேடியோஹெட்டின் ‘தி பெண்ட்ஸ்’: ‘ஒரே ஒரு ஹிட் பாட்டுள்ள குழு’ என்ற பெயர் எப்படிப் போனது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு என்றாலே எல்லோரும் அவர்களுடைய பிந்தைய ஆல்பங்களான ‘ஓகே கம்ப்யூட்டர்’, ‘கிட் ஏ’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் எதற்கு 1995-ல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘தி பெண்ட்ஸ்’ஸை ஒரு கூட்டம் விடாமல் தூக்கிப் பிடிக்கிறது? இன்று முதல்முறையாகக் கேட்பவருக்கு அதில் என்ன இருக்கிறது?

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன், அதனால் பதில் கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் இருக்கும். என் கட்சி இது: ‘ஓகே கம்ப்யூட்டர்’ என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு குழுவின் ஆல்பம். அந்தத் தெளிவு பிறந்த இடம் ‘தி பெண்ட்ஸ்’. பிறந்த விதமும் வேடிக்கையானது. ஹிட் ஆக வேண்டும் என்று குறிவைத்து வாரக்கணக்கில் மல்லுக்கட்டிய நேரத்தில் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. தயாரிப்பாளர் ஊரில் இல்லாத நாளிலும், குடித்துவிட்டுத் திரும்பிய இரவிலும், பாதியில் நிறுத்திவிட்டு மேடைக்குப் போன மாதங்களிலும்தான் ஆல்பம் உருவானது.

முதலில் அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டன் பள்ளியில் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்த ஐந்து பேர்: டாம் யார்க் (குரல், கிட்டார்), ஜானி கிரீன்வுட் (கிட்டார்), அவருடைய அண்ணன் காலின் கிரீன்வுட் (பேஸ்), எட் ஓபிரையன் (கிட்டார்), ஃபிலிப் செல்வே (டிரம்ஸ்). 1991 கடைசியில் ஈஎம்ஐ என்ற இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம். 1992 செப்டம்பரில் ‘க்ரீப்’ என்ற பாட்டு வெளியானபோது பிரிட்டனில் யாரும் சீந்தவில்லை. ஒரேயடியாகச் சோகமாக இருக்கிறது என்று பிபிசி ரேடியோ 1 ஒதுக்கிவிட்டது. ஆனால் இஸ்ரேல் வானொலியில் அது பிடித்துக்கொண்டது, அங்கிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு நிலையம், அப்படியே அமெரிக்கா முழுக்க. ஒரு வருடம் கழித்து பிரிட்டனிலேயே மறுபடி வெளியிட்டு விற்பனைப் பட்டியலில் 7-ம் இடம் பிடித்தார்கள். 1993 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பம் ‘பாப்லோ ஹனி’ சில வாரங்களில் பதிவு செய்யப்பட்டது. கேட்டால் அது தெரியும். ‘க்ரீப்’பை எடுத்துவிட்டால் இன்று அதைத் தேடிப் போய்க் கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

அந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடத்துக்கும் மேலாக ஊர் ஊராக ஓடினார்கள். கச்சேரிக்கு வருகிறவர்கள் ‘க்ரீப்’ முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். 1993 ரெடிங் இசை விழாவில் யார்க்குக்குக் குரல் போய்விட்டதால் நிகழ்ச்சியே ரத்து. இதற்கிடையில் நிறுவனத்துக்கு ‘க்ரீப்’ மாதிரி இன்னொன்று வேண்டும். இரண்டாவது ஆல்பம் தொடங்கும்போது அவர்கள் முதுகில் இருந்த மூட்டை இதுதான்.

தயாரிப்பாளராக ஜான் லெக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1970-ல் ஆபி ரோடு ஸ்டுடியோவில் கடைநிலை வேலையில் சேர்ந்து படிப்படியாக வந்தவர். ஸ்டோன் ரோஸஸ் என்ற குழுவின் முதல் ஆல்பம் அவர் கைவண்ணம். ரேடியோஹெட்டை இழுத்தது அதைவிடப் பழைய ஒன்று: மேகஸின் என்ற போஸ்ட்-பங்க் குழுவின் ‘ரியல் லைஃப்’ (1978). அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜான் மெகியோக் மீது ஜானிக்குத் தனிப் பித்து. ‘ஜஸ்ட்’ பாடலைக் கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று புரியும். இன்னொரு விஷயம்: லெக்கி அப்போதுதான் ஸ்டோன் ரோஸஸின் இரண்டாவது ஆல்பத்தை, அது முடிகிற வழியாய் இல்லை என்று, பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டாவது ஆல்பம் ஒரு குழுவை எப்படிப் பாடுபடுத்தும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

1994 ஜனவரியில் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் ஒரு பழத்தோட்டத்தின் கைவிடப்பட்ட கொட்டகையில் ஒத்திகை. பிப்ரவரி கடைசியில் லண்டன் ஆர்ஏகே ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். ஈஎம்ஐ கொடுத்த கெடு ஒன்பது வாரம், அக்டோபரில் வெளியீடு என்பது திட்டம். கூடவே நான்கு பாட்டுகளை ‘இவற்றில் ஒன்று முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு)’ என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்கள்: ‘சல்க்’, ‘தி பெண்ட்ஸ்’, ‘நைஸ் ட்ரீம்’, ‘ஜஸ்ட்’. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அந்த நான்கையும் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஜானி புதுப்புது கிட்டார்களையும் கருவிகளையும் நாள்கணக்கில் சோதித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் பழைய டெலிகாஸ்டருக்கே திரும்பினார். மூன்று நாளைக்கு ஒருமுறை நிறுவனத்திலிருந்தோ மேலாளர் தரப்பிலிருந்தோ யாராவது வந்து ‘ஹிட் எங்கே, போடுங்கள் கேட்போம்’ என்பார்கள். போட்டுக் காட்ட ஒரு டிரம் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது என்று லெக்கியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த நெருக்கடியில் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத நிலைக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் அதே ஆர்ஏகேயில், அந்த நான்கு பாட்டுப் பட்டியலுக்கு வெளியே, வேறு சில விஷயங்கள் நடந்தன. அவற்றில் மூன்றைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

முதலாவது, ஆல்பத்தைத் தொடங்கி வைக்கும் ‘பிளானட் டெலக்ஸ்’. ஒரு இரவு எல்லோரும் வெளியே சாப்பிட்டு, நன்றாகவே குடித்துவிட்டு ஸ்டுடியோவுக்குத் திரும்புகிறார்கள். ஏற்கெனவே பதிவு செய்திருந்த ‘கில்லர் கார்ஸ்’ என்ற இன்னொரு பாட்டின் டிரம்ஸிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சுழல விடுகிறார்கள். அதன் மேல் டேப் எக்கோ (நாடாவால் எதிரொலி உண்டாக்கும் கருவி) வழியாக அனுப்பிய பியானோ. யார்க் நிற்கக்கூட முடியாமல் தரையில் சரிந்தபடி பாடுகிறார். எழுதியது, பதிந்தது எல்லாமே அந்த ஒரே இரவு. முதலில் வைத்த பெயர் ‘பிளானட் ஜெராக்ஸ்’. அது ஒரு நிறுவனத்தின் வணிகச் சின்னம் என்பதால் மாற்ற வேண்டியதாயிற்று. ஹெட்ஃபோனில் கேளுங்கள்: காற்று வீசுவது மாதிரி ஒரு சத்தம், அதிலிருந்து அந்தப் பியானோ அலை அலையாக எழும், பிறகு டிரம்ஸ். டிரம்ஸ் ஒரு மனிதர் வாசிப்பது போலவும் இருக்கும், இயந்திரம் ஓடுவது போலவும் இருக்கும். ‘பாப்லோ ஹனி’யில் இப்படி ஒரு நொடி கிடையாது. ஐந்து வருடம் கழித்து ‘கிட் ஏ’யில் இவர்கள் கிட்டாரை ஓரங்கட்டியபோது உலகமே வாய் பிளந்தது. அதற்கு விதை எங்கே என்று கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது, ‘ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்’. லண்டனில் கேனரி வார்ஃப் என்று ஒரு வணிக வட்டாரம் இருக்கிறது. பழைய துறைமுகப் பகுதியை இடித்துக் கண்ணாடிக் கட்டடங்களாக எழுப்பிய இடம், அலங்காரத்துக்குச் செயற்கைச் செடிகள். பாட்டின் பின்னணி அதுதான். முதல் முயற்சியில் எல்லாரும் சேர்ந்து வாசித்ததில் அது பெரிய ஸ்டேடியம் பாட்டாக ஊதிப் பெருத்துவிட்டது. கன்ஸ் அண்ட் ரோஸஸின் ‘நவம்பர் ரெயின்’ மாதிரி ஆடம்பரமாக இருந்தது என்று ஓபிரையனே கிண்டலடித்திருக்கிறார். அதைத் தூக்கிப் போட்டார்கள். பிறகு ஒருநாள் குழுவாகப் போய் ஜெஃப் பக்லி என்ற பாடகரின் கச்சேரியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒற்றை ஆள், ஒற்றை கிட்டார், தயக்கமே இல்லாமல் மேலே ஏறும் குரல். திரும்பி வந்து யார்க் தனியாக உட்கார்ந்து அக்கூஸ்டிக் கிட்டாரோடு பாடினார். ஓரிரு தடவைதான். முடித்துவிட்டு உடைந்து அழுதார். அந்தப் பதிவுதான் நாம் இன்று கேட்பது. மற்ற நால்வரும் அதன்மேல் பிறகு வாசித்தார்கள்.

அந்த வரிசையில்தான் பாட்டின் ரகசியம் இருக்கிறது. வழக்கமாக டிரம்ஸையும் பேஸையும் முதலில் அடித்தளமாகப் போட்டு, கடைசியில் பாடகர் பாடுவார். தாளம் நகராது, குரல்தான் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும். இங்கே தலைகீழ். யார்க் ஒரு சொல்லை இழுத்தால் செல்வேயின் டிரம்ஸும் அவரோடு சேர்ந்து தயங்குகிறது. ஜானியின் ஹாமண்ட் ஆர்கன் பின்னால் புகை மாதிரி பரவும், ஒரு செல்லோ, ஒரு வயலின் வந்து போகும். மூன்றாவது சரணத்தில் மின் கிட்டார்கள் ஒரேயடியாக மேலெழும்பும்போது அது அதிர்வதற்குக் காரணம், அதுவரை மூன்று கிட்டார்காரர்களும் அடக்கி வாசித்ததுதான். ‘பாப்லோ ஹனி’யில் மூவரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருப்பார்கள். யார் எப்போது வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கத் தெரிந்தது இந்த ஆல்பத்தில்தான். பின்னால் அமெரிக்க நிறுவனம் வானொலிக்கு ஏற்றாற்போல் இதை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் செய்ய (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவு பார்த்துக் கலக்க) வைத்தது. அதில் அந்த ஆர்கனும் தந்திக் கருவிகளும் காணாமல் போயிருந்தன. யார்க் ஒத்துக்கொள்ளவில்லை. நியாயம்தானே, அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் சாதாரணக் காதல் தோல்விப் பாட்டு.

பக்லியைப் பார்த்ததால் இன்னொன்றும் நடந்தது. கள்ளக்குரலில் பாடுவதற்கு யார்க்குக்கு இருந்த கூச்சம் போனது. அவர் குரலை நாம் இன்று எதை வைத்து அடையாளம் காண்கிறோமோ, அந்த மெல்லிய உச்சத்துக்கு இதற்கப்புறம்தான் தயங்காமல் போக ஆரம்பித்தார்.

மூன்றாவது, ‘பிளாக் ஸ்டார்’. லெக்கி ஒரு கல்யாணத்துக்காக வெளியே போயிருந்த சமயம். ஸ்டுடியோவில் இருந்தது ஒலிப்பொறியாளராக வேலை பார்த்த 23 வயது நைஜல் காட்ரிச். தலைமை ஆசிரியர் இல்லாத வகுப்பு மாதிரி ஆகிவிட்டது, பாட்டு சட்டென்று முடிந்தது. இதைச் சின்னச் சம்பவம் என்று கடந்துபோக முடியாது. அடுத்த வருடம் போர்க்காலக் குழந்தைகளுக்கான ஒரு நிதி ஆல்பத்துக்காக ‘லக்கி’ பாடலை ஒரே நாளில் பதிவு செய்தபோதும் இதே காட்ரிச்தான். ‘ஓகே கம்ப்யூட்டர்’ தொடங்கி பல வருடங்கள் ரேடியோஹெட்டின் தயாரிப்பாளர் அவரே. குழுவின் ஆறாவது உறுப்பினர் என்று ரசிகர்கள் சொல்லும் ஆள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது இப்படித்தான்.

சரி, இவ்வளவும் நடந்தும் ஆல்பம் முடிகிற மாதிரி இல்லை. அக்டோபர் கெடு கைவிடப்பட்டது. மே, ஜூன் மாதங்களில் ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று சுற்றுப்பயணம் போனார்கள். என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் மிக முக்கியமான தயாரிப்பு முடிவு இதுதான். ஸ்டுடியோவில் உயிரில்லாமல் கிடந்த பாட்டுகள் மேடையில் ஒவ்வொரு இரவும் ஆட்கள் முன்னால் ஓடியாக வேண்டும். எந்த இடத்தில் தொய்வு, எது அதிகப்படி என்பதெல்லாம் சபை முன்னால் தானாகத் தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் இருந்த மேனர் ஸ்டுடியோவில், மாதக்கணக்கில் முடியாததை இரண்டே வாரத்தில் முடித்தார்கள்.

அந்தப் பயணத்தின் நேரடி விளைவு ‘மை அயர்ன் லங்’. 1994 மே 27 அன்று லண்டன் அஸ்டோரியா அரங்கில் நடந்த கச்சேரியை ஒளிப்பதிவு செய்தார்கள். ஸ்டுடியோவில் இந்தப் பாட்டைப் பதிந்தது திருப்தியாக இல்லை. அதனால் அன்றைய மேடைப் பதிவையே எடுத்து, கூட்டத்தின் சத்தத்தை நீக்கி, குரலை மட்டும் மறுபடி பாடிச் சேர்த்துவிட்டார்கள். ஆல்பத்தில் நீங்கள் கேட்கும் கிட்டாரும் டிரம்ஸும் அன்றிரவு வாசித்தவை. கேட்டால் நம்பவே முடியாது, அவ்வளவு இறுக்கம். இரும்பு நுரையீரல் என்பது மூச்சுவிட முடியாத போலியோ நோயாளிகளை உள்ளே படுக்க வைத்து உயிரோடு வைத்திருந்த இயந்திரம். நோயாளி பிழைத்திருப்பார், ஆனால் நகர முடியாது. ‘க்ரீப்’ அவர்களுக்கு என்ன செய்தது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்காது. பாட்டுக்குள்ளேயே தங்கள் பழைய ஹிட்டையும், இதோ அதே மாதிரி புதுப் பாட்டு என்று தங்களையும் நக்கலடித்துக்கொள்கிறார்கள். ‘க்ரீப்’ மாதிரி இன்னொன்று கேட்ட நிறுவனத்துக்கு இவர்கள் கொடுத்த முதல் சிங்கிள் இதுதான், 1994 செப்டம்பரில். அமெரிக்க வானொலி கண்டுகொள்ளாததில் ஆச்சரியம் இல்லை. இசையாகப் பார்த்தாலும் அருமையான கட்டுமானம்: ஜானி வாமி பெடலை (சுரத்தை மேலே கீழே நகர்த்தும் கால்கருவி) வைத்து ஒவ்வொரு சுரத்துக்கும் மேல்ஸ்தாயி நிழலை ஒட்டவைக்கிறார், அந்தக் கோணல் இனிமையோடு பாட்டு மெதுவாகப் போகும், திடீரென்று எல்லாம் வெடித்துச் சிதறி மறுபடி அதே இனிமைக்கு ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பும்.

‘ஜஸ்ட்’ பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி அது. குறிவைத்த நான்கில் ஒன்றாக இருந்தும் பிரமாதமாக வந்த பாட்டு. ஒரே பாட்டில் எத்தனை கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அடுக்குகள்) திணிக்க முடியும் என்று யார்க்கும் ஜானியும் போட்டி போட்டு எழுதியது. எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரு விசித்திர வரிசையில் கிட்டார் நான்கு ஸ்தாயிகளுக்கு ஏறிக்கொண்டே போகும், இப்போது நிற்கும் என்று நினைக்கிற இடத்தில் இன்னொரு படி ஏறும். அதன் வீடியோவில் லண்டன் நடைபாதையில் ஒருவர் படுத்துக் கிடப்பார். ஏன் என்று கூட்டம் நச்சரிக்கும். கடைசியில் அவர் காரணத்தைச் சொல்வார், அந்த இடத்தில் மட்டும் வசனத்தைத் திரையில் எழுத்தாகப் போட மாட்டார்கள், அடுத்த காட்சியில் எல்லோரும் படுத்துக் கிடப்பார்கள். அவர் என்ன சொன்னார் என்று இயக்குநரும் குழுவும் இதுவரை வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதே நல்லது.

மற்ற பாடல்களில் ‘ஹை அண்ட் ட்ரை’ ஒரு தனிக் கதை. யார்க் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களிலேயே எழுதியது. 1993-ல் ஒரு மாதிரிப் பதிவு செய்து, பிடிக்காமல் மூலையில் போட்டுவிட்டார்கள். ஆல்பம் வேலையின்போது யாரோ அதைத் தோண்டி எடுக்க, அந்தப் பழைய பதிவே அப்படியே ஆல்பத்தில் ஏறியது. யார்க்குக்கு இன்றுவரை அது ஆகாது, பேட்டியில் வெளிப்படையாகவே திட்டியிருக்கிறார். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ஆனால் மற்ற பதினொன்றோடு வைத்தால் அது கொஞ்சம் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பது உண்மை. ‘புல்லட் ப்ரூஃப்’பில் பின்னால் கேட்கும் அந்த மிதக்கும் ஒலிகள் ஜானியும் ஓபிரையனும் பாட்டைக் காதில் கேட்காமலேயே வாசித்தவை. எங்கே பொருந்துகிறதோ பொருந்தட்டும் என்று விட்டிருக்கிறார்கள், ஆச்சரியமாகப் பொருந்தியிருக்கிறது. ‘போன்ஸ்’ நல்ல துடிப்பான பாட்டு, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ‘சல்க்’ 1987-ல் ஹங்கர்ஃபோர்டு என்ற ஊரில் நடந்த துப்பாக்கிச்சூட்டைப் பார்த்து எழுதியது. துப்பாக்கியைப் பற்றிய அதன் கடைசி வரியை, 1994 ஏப்ரலில் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட பிறகு, வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று யார்க் மாற்றிவிட்டார். அந்த முடிவு சரிதான். இருந்தாலும் ஆல்பத்தின் பலவீனமான பாட்டு அதுவே. பெரிய ஹிட்டாகும் என்று முத்திரை குத்தப்பட்டவற்றில் அதுவும் ஒன்று என்பதை மறந்துவிடாதீர்கள்.

முடிவுப் பாட்டு ‘ஸ்ட்ரீட் ஸ்பிரிட்’. ஏ மைனரில் ஒரே கிட்டார் இழை, விரலால் பிரித்துப் பிரித்து வாசிப்பது, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நிற்காமல் சுற்றும். பாடல் வரிகளுக்குப் பின்னால் பென் ஓக்ரியின் ‘தி ஃபேமிஷ்ட் ரோடு’ நாவல் இருக்கிறது. மெட்டில் ஆர்.இ.எம். குழுவின் சாயல் உண்டு, அதை அவர்களே மறைக்கவில்லை. இதில் ஏற்ற இறக்கம், வெடிப்பு, ஆறுதல் எதுவும் கிடையாது. வழக்கமான ராக் குழு என்றால் கடைசி ஒரு நிமிடத்தில் கிட்டாரை அலறவிட்டு அழ வைத்திருக்கும். இவர்கள் குரல்களை மட்டும் அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். 1996 ஜனவரியில் இதை சிங்கிளாக விட்டபோது பிரிட்டனில் 5-ம் இடம் பிடித்தது. அதாவது ‘க்ரீப்’பைவிட மேலே! நான்கு ஹிட் வேட்பாளர்களை வைத்துக்கொண்டு ஈஎம்ஐ தவம் கிடந்ததற்கு, பட்டியலிலேயே இல்லாத, ஆல்பத்திலேயே மிக இருண்ட பாட்டு வந்து காரியத்தை முடித்தது. பாலைவனத்தில் ஜொனாதன் கிளேசர் எடுத்த கறுப்பு-வெள்ளை வீடியோவும் அதற்கு உதவியது. ஒரே சட்டகத்துக்குள் ஒருவர் இயல்பான வேகத்தில் நகர, பக்கத்தில் இன்னொருவர் மெதுவாக மிதப்பார்.

மிக்ஸிங்கில் ஒரு சின்ன மனத்தாங்கல். லெக்கி ஆபி ரோடில் மிக்ஸ் செய்ய நேரமெடுத்துக்கொண்டதால், அவருக்குத் தெரியாமலே பதிவு நாடாக்கள் அமெரிக்காவுக்குப் போயின. ‘பாப்லோ ஹனி’யைத் தயாரித்த ஷான் ஸ்லேட், பால் கோல்டரி இருவரும்தான் பெரும்பாலான பாட்டுகளை மிக்ஸ் செய்தார்கள். லெக்கிக்கு முதலில் வருத்தம். கொஞ்ச காலம் கழித்து, அதுதான் சரியான முடிவு என்று அவரே ஒத்துக்கொண்டார். கிட்டார்கள் அவ்வளவு பளிச்சென்று முகத்தில் அடிப்பதற்கு அந்த அமெரிக்க மிக்ஸ்தான் காரணம்.

அட்டைப்படம் பலரும் நினைக்கிற மாதிரி ஓவியம் இல்லை. யார்க்கும், எக்ஸெட்டரில் அவரோடு படித்த ஸ்டான்லி டான்வுட்டும், இரும்பு நுரையீரலைப் படமெடுக்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நேரில் பார்த்தால் அது வெறும் பெட்டி, சுவாரசியமே இல்லை. அங்கேயே முதலுதவிப் பயிற்சிக்கு வைத்திருந்த பொம்மையைப் பார்த்தார்கள். வலியா பரவசமா என்று சொல்ல முடியாத முகம். அதை வீடியோவில் பிடித்து, டிவியில் ஓடவிட்டு, டிவித் திரையைப் புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் புள்ளிப் புள்ளியான மங்கல் அங்கிருந்து வந்தது. டான்வுட் அன்றிலிருந்து அவர்களுடைய எல்லா ஆல்பங்களுக்கும் ஓவியர். பெயரும் உடம்பு சம்பந்தப்பட்டதுதான்: ஆழ்கடலில் மூழ்கியவர் அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் குமிழ் கட்டி உண்டாகும் நோய்.

பிரிட்டனில் 1995 மார்ச் 13 அன்று ஆல்பம் வந்தது. அது பிரிட்டிஷ் கிட்டார் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த பிரிட்பாப் காலம். ஆகஸ்டில் பிளர், ஒயாசிஸ் என்ற இரு குழுக்களும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிட்டு அடித்துக்கொண்டதுதான் நாட்டுக்கே செய்தி. ரேடியோஹெட் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆல்பம் பிரிட்டனில் 4-ம் இடம் வரை போனது. அமெரிக்காவில் 88-ஐத் தாண்டவில்லை, ‘பாப்லோ ஹனி’யே அங்கே 32 வரை போயிருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் தோல்வி. ஆனால் விமர்சகர்கள் பேச ஆரம்பித்தார்கள், ஆர்.இ.எம். தங்கள் பயணத்தில் இவர்களை முன் நிகழ்ச்சிக்கு அழைத்துக்கொண்டது, ஒரு வருடத்துக்கு மேல் மெல்ல மெல்ல விற்றுக்கொண்டே இருந்தது. அடுத்த ஆல்பத்தைத் தாங்களே விரும்பியபடி, தங்கள் இடத்தில், காட்ரிச்சோடு செய்துகொள்ள நிறுவனம் விட்டது இதனால்தான்.

ஒரு பக்கவிளைவும் உண்டு. 90-களின் கடைசியில் பிரிட்டனில் முளைத்த ஏராளமான குழுக்கள் இந்த ஆல்பத்தின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டன: அக்கூஸ்டிக் கிட்டார், கள்ளக்குரல், சோகமான ஆனால் பரந்த பல்லவி. டிராவிஸ், கோல்ட்பிளே, கொஞ்சம் தள்ளி கீன். மியூஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்கு லெக்கியையே கூப்பிட்டுக்கொண்டார்கள். இவர்களில் எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன், மியூஸ் சீக்கிரமே தனிப் பாதை பிடித்தார்கள். ஆனால் ‘ஹை அண்ட் ட்ரை’யை நகலெடுப்பது சுலபம், ‘பிளானட் டெலக்ஸை’யோ ‘மை அயர்ன் லங்’கையோ நகலெடுக்க யாரும் முன்வரவில்லை. ‘தி பெண்ட்ஸ்’ வெறும் மென்சோக ஆல்பம் என்று இன்று சிலர் நினைப்பதற்கு இந்த நகல்கள்தான் காரணம். மூலத்தில் பாதிக்கு மேல் இரைச்சல்.

இன்று கேட்க ஆரம்பிப்பவருக்கு என் யோசனை: வரிசையாக, பன்னிரண்டு பாட்டையும், 48 நிமிடம் ஒதுக்கிக் கேளுங்கள். இரண்டாவது தடவை ‘ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்’, ‘மை அயர்ன் லங்’, ‘ஸ்ட்ரீட் ஸ்பிரிட்’ மூன்றையும் மட்டும் ஹெட்ஃபோனில், ஒவ்வொரு கிட்டாரும் எப்போது சும்மா இருக்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். பிடித்திருந்தால் அந்தக் காலத்து சிங்கிள்களின் மறுபக்கப் பாட்டுகளைத் தேடுங்கள். ‘தி டிரிக்ஸ்டர்’, ‘கில்லர் கார்ஸ்’, ‘பிஷப்ஸ் ரோப்ஸ்’ எல்லாம் 2009-ல் வந்த விரிவாக்கப் பதிப்பில் இருக்கின்றன. அவற்றில் ‘டாக் ஷோ ஹோஸ்ட்’டை மட்டும் தவறவிடாதீர்கள். ‘ஸ்ட்ரீட் ஸ்பிரிட்’ சிங்கிளோடு வந்தது, 1996-ல் ‘ரோமியோ + ஜூலியட்’ படத்திலும் பயன்பட்டது. அதைக் கேட்டுவிட்டு நேரே ‘ஓகே கம்ப்யூட்டர்’ போட்டால் இடைவெளியே தெரியாது.